கல்நார்க் கூரையை இறக்குவது யார் செலவில்?

ஓசூர் சிப்காட்டில் 1970களிலும் 80களிலும் எழும்பிய ஷெட்டுகளுக்கு வயதாகிவிட்டது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைக் கழற்றிவிட்டுத் தகரக் கூரை போடுகிறார்கள். போடட்டும், நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் எப்படிக் கழற்றுகிறார்கள்? காண்ட்ராக்டர் நாலு பேரை மேலே ஏற்றுகிறார். துருப்பிடித்த போல்ட் கழலாவிட்டால் சம்மட்டியால் ஒரு போடு! ஷீட் நொறுங்கிக் கீழே விழுகிறது, தூசி கிளம்புகிறது. கூலியாளின் மூக்குக்கு ஒரு துண்டுத் துணி. மாலையில் கூலி கொடுத்ததும் கணக்குத் தீர்ந்தது என்கிறார் முதலாளி.

கணக்குத் தீரவில்லை, தோழர்களே! கல்நார் இழை கண்ணுக்குத் தெரியாது. துண்டுத் துணி அதைத் தடுக்காது. நுரையீரலில் தைத்த இழை அங்கேயே தங்கி, இருபது, முப்பது, நாற்பது வருஷம் கழித்து மூச்சுத் திணறலாகவோ புற்றுநோயாகவோ வெளிப்படுகிறது. அப்பொழுது காண்ட்ராக்டர் எங்கே, கம்பெனி எங்கே? எல்லாவகைக் கல்நாரும் புற்றுநோய் தருமென்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லிவிட்டது. இத்தாலியில் காசலே மொன்ஃபெர்ராட்டோ என்ற ஊரில் கல்நார் சிமெண்டு ஆலை 1986-ல் மூடப்பட்டது. ஆலைக்குள் காலே வைக்காத ஊர் ஜனங்களும், புருஷனின் வேலை உடுப்பைத் துவைத்த மனைவிமார்களும் அதற்குப் பிறகும் மாண்டார்கள்.

நம் சர்க்காரின் நியாயத்தைப் பாருங்கள். கல்நார் தோண்டுவதற்கு 1986 முதல் புதிய குத்தகை தருவதில்லை. இங்கே தோண்டினால் விஷமாம்! அதே சரக்கு ரஷ்யக் கம்பெனிகளிடமிருந்து கப்பலில் வந்தால் மட்டும் அமிர்தமோ? (இந்த ரஷ்யா பழைய சோவியத் நாடல்ல, முதலாளிகளின் ரஷ்யா.) பல பத்து நாடுகள் தடை செய்தாயிற்று. 2015-ல் நேபாளம்கூடத் தடை செய்தது. டில்லிக்கு மட்டும் காது கேட்கவில்லை.

1995 ஜனவரி 27-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது: கல்நார் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை 40 வருஷம், அல்லது ஓய்வுபெற்று 15 வருஷம், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும். நல்ல தீர்ப்பு. ஆனால் ஷீட் செய்கிற ஆலையின் நிரந்தரத் தொழிலாளிக்குத்தான் பதிவேடு. அதை உடைத்து இறக்குகிற ஒரிஸாக்காரனுக்கும் தேன்கனிக்கோட்டைக் கூலிக்கும் எந்தப் பதிவேடு? ஈ.எஸ்.ஐ. பட்டியலில் கல்நார் நோய் உண்டு. காண்ட்ராக்ட் ஆளுக்கு ஈ.எஸ்.ஐ. நம்பர்தான் கிடையாது! போதாக்குறைக்கு, மின்விசை ஓடும் இடத்தில் 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை என்றிருந்ததை, 2025 நவம்பர் 21-ல் அமுலுக்கு வந்த புதிய சட்டத்தொகுப்பு 20 பேர் என்று உயர்த்திவிட்டது. ஓசூரின் சின்னப் பட்டறைகள் எத்தனை இதில் நழுவும்?

எல்லை வேறு ஒரு சௌகரியம். முதலாளி பெங்களூரில், காண்ட்ராக்டர் அத்திப்பள்ளியில், வேலை ஜூஜூவாடிக்கு இந்தப் பக்கம். யாரைக் கேட்டாலும் அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள்.

சரியான முறை ஒன்றும் ரகசியமல்ல. ஷீட்டைத் தண்ணீரால் நன்றாக நனைத்து, போல்ட்டைக் கழற்றி அல்லது வெட்டி, முழுசாகக் கையால் இறக்க வேண்டும். வெட்டு மெஷின் கூடாது, விளக்குமாற்றால் உலரப் பெருக்கக் கூடாது. முகத்தோடு ஒட்டிய சரியான சுவாசக் கவசம் வேண்டும். உடுப்பை வேலையிடத்திலேயே விட்டுவிட்டுக் குளித்துப் போக வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. கனத்த பிளாஸ்டிக்கில் சுற்றி, அபாயமென்று எழுதி, அபாயக் கழிவைப் புதைக்கும் கும்மிடிப்பூண்டி போன்ற இடத்துக்கு அனுப்ப வேண்டும். ஓசூரிலிருந்து கும்மிடிப்பூண்டி 300 கிலோமீட்டருக்கு மேல். இங்கேதான் முதலாளியின் கை இறுகுகிறது! லாரி வாடகையை மிச்சம் பிடிக்க, உடைசலை ஏரிக்கரையிலும் வண்டிப்பாதைப் பள்ளத்திலும் கொட்டுகிறார்கள். முழு ஷீட் கிடைத்தால் விவசாயத் தொழிலாளி தன் மாட்டுக்கொட்டகைக்கு ஆசையோடு தூக்கிப் போகிறான். அவனைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஓலைக் கூரைக்காரனுக்கு அது பாக்கியமாகத்தான் தெரியும்.

வீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருப்போர் பீதியடைய வேண்டாம். முழுசாக, உடையாமல் இருக்கிற ஷீட் அதிகம் உதிராது. துளை போடாதீர்கள், தேய்க்காதீர்கள், உடைந்ததைக் குழந்தைகள் கையில் விடாதீர்கள். லைன் வீடுகளில் வாடகை வாங்குகிறவர்களே மாற்றுச் செலவை ஏற்கட்டும்.

சிப்காட் நிர்வாகத்தையும் கிருஷ்ணகிரி கலெக்டரையும் நாம் கேட்கிறோம்: எந்த ஷெட்டில் எவ்வளவு கல்நார் என்று கணக்கெடுங்கள். கூரையில் கை வைக்குமுன் தொழிற்சங்கத்துக்கு நோட்டீஸ் வரட்டும். இறக்குகிற, சுற்றுகிற, ஏற்றுகிற, புதைக்கிற செலவு முழுவதும் கூரைக்குச் சொந்தக்காரன் தலையில் விழட்டும். ஒருநாள் கூலிக்கு வந்தவனின் பெயரும் அந்த 40 வருஷப் பதிவேட்டில் ஏறட்டும். அதுவரை, நனைக்காத கூரையில் சம்மட்டி எடுக்க மறுப்போம்.