கண்ணுக்கு எட்டுவதும் குண்டுக்கு எட்டுவதும்

பயிரை அழிக்கும் காட்டுவிலங்குகளைச் சுட்டுக் கொல்லலாமா என்ற விவாதம் எழும்போதெல்லாம் ஒரு சமாதானம் தவறாமல் முன்வைக்கப்படுகிறது. நல்ல துப்பாக்கியும் அதன்மேல் நல்ல தொலைநோக்கியும் இருந்தால் விலங்கு வலி அறியாமல் வீழும், ஆகவே அறச்சிக்கல் இல்லை என்பதே அது. கருத்தரங்கில் இதையே 'துல்லியமான, மனிதநேயமுள்ள கட்டுப்பாடு' என்கிறார்கள். துப்பாக்கிப் பிரியர்கள் இன்னும் வெளிப்படையானவர்கள்: உருப்பெருக்கம் கூடக் கூட நல்லது, இருபத்தைந்து மடங்கு ஸ்கோப் ஒன்று வாங்கிவிட்டால் ஐம்பது மீட்டருக்கும் ஐந்நூறு மீட்டருக்கும் அதுவே போதும் என்கிறார்கள். முதல் தரப்பு சொல்வது அறம், இரண்டாம் தரப்பு சொல்வது வணிகம். பிழை மட்டும் இரண்டுக்கும் பொது. காண்பதற்கான கருவியை அடைவதற்கான கருவி என்று இரு தரப்பும் நம்புகின்றன.

இந்தியாவில் இது வெறும் பொழுதுபோக்குக் கேள்வி அன்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு வேட்டையைத் தடுக்கிறது. அமெரிக்காவில் உள்ளது போன்ற வேட்டைப் பருவமும் உரிமச் சீட்டும் இங்கே இல்லை. இருப்பவை விதிவிலக்குகள் மட்டுமே. 11ஆம் பிரிவின்படி தலைமை வனவிலங்குக் காப்பாளர் அனுமதி தரலாம். 62ஆம் பிரிவின்படி மத்திய அரசு ஒரு விலங்கைக் குறிப்பிட்ட பகுதியில், குறிப்பிட்ட காலத்துக்குத் 'தீங்குயிர்' என அறிவிக்கலாம். 2015இன் இறுதியிலும் 2016இலும் பிகாரில் நீலானும் காட்டுப்பன்றியும், உத்தராகண்டில் காட்டுப்பன்றியும், இமாசலத்தில் குரங்கும் அவ்வாறு அறிவிக்கப்பட்டன. 2016 ஜூனில் பிகாரின் மோகாமாவில் வெளியிலிருந்து அழைத்துவரப்பட்ட துப்பாக்கிக்காரர்கள் இருநூறுக்கும் மேற்பட்ட நீலான்களைச் சுட்டபோது, அது ஒன்றிய அமைச்சர்களுக்கிடையே வெளிப்படையான சண்டையாகவே வெடித்தது. 2022இல் கேரளம், காட்டுப்பன்றியைச் சுட ஆணையிடும் அதிகாரத்தை உள்ளாட்சி அமைப்புகளின் தலைவர்களிடம் கொடுத்தது. ஆக, எந்தத் தொலைவில், எந்தக் கண்ணாடி வழியாக, யார் சுடுவது என்பது இங்கே ஆட்சி நிர்வாகத்தின் கேள்வி. அதைக் கடைக்காரரின் விளம்பரத் தாளிடம் ஒப்படைத்துவிட முடியாது.

தமிழில் 'எட்டு' என்ற வினை இந்தப் பிழையைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. எட்டுதல் தனியே நிற்பதில்லை. எதற்கு எட்டியது என்று கேட்டே தீரும். கண்ணுக்கு எட்டியது கைக்கு எட்டாமல் போகலாம். கைக்கு எட்டியதும் வாய்க்கு எட்டாமல் போவதைப் பழமொழியே சொல்கிறது. நான்காம் வேற்றுமை ஏற்ற அந்தப் பெயர் மாறும்போது தொலைவின் பொருளே மாறிவிடுகிறது. ஸ்கோப்பின் விளம்பரமோ அந்தப் பெயரை விழுங்கிவிட்டு 'எட்டும்' என்று மட்டும் சொல்கிறது. கண்ணுக்கு எட்டும் என்பது மெய். குண்டுக்கு எட்டுமா என்பது வேறு கணக்கு.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். உலகெங்கும் வேட்டைக்குப் பயன்படும் .308 வகைத் தோட்டாவை எடுத்துக்கொண்டு, துப்பாக்கியை 100 மீட்டருக்குக் குறிசரிசெய்ததாகக் கொள்வோம். 200 மீட்டரில் குண்டு சுமார் 10 முதல் 15 சென்டிமீட்டர் தாழ்ந்து விழும். 300 மீட்டரில் அந்தத் தாழ்வு அரை மீட்டரை நெருங்கும். காட்டுப்பன்றி ஒன்றின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த உயிர்ப்பகுதி ஏறக்குறைய ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலம்தான். அதைக் கண்ணாடி இருபது மடங்கு பெரிதாக்கிக் காட்டலாம். ஆனால் பெரிதாகத் தெரிவது பிம்பம், குண்டு செல்வது விலங்கிடம். தொலைவைச் சரியாக அளந்து, திருகைச் சரியான அளவு திருப்பினால் தாழ்வை ஈடுகட்டலாம் என்பது உண்மையே. காலத்தை ஈடுகட்ட எந்தத் திருகும் இல்லை. 300 மீட்டரைக் கடக்கக் குண்டுக்குச் சுமார் 0.4 நொடி ஆகும். நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் நடக்கும் விலங்கு அதற்குள் 60 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். நுரையீரலுக்கென்று விசையை இழுத்தால் குண்டு குடலைத் துளைக்கும். காற்று வீசினால் அதன் பங்கும் இதில் சேரும்.

இந்தியக் குடிமகனின் உரிமத் துப்பாக்கி இந்தக் கணக்கை இன்னும் கடுமையாக்குகிறது. .308 போன்ற படைத்துறைத் துளையளவுகள் இங்கே தடைசெய்யப்பட்டவை. ஊர்ப்புறத்தில் காணக்கிடைப்பவை பெரும்பாலும் 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கியும், அரசுப் படைக்கலத் தொழிற்சாலையின் .315 ரைபிளும்தான். .315 தோட்டாவின் வேகம் குறைவு. ஆகவே தாழ்வும் பயண நேரமும் அதிகம். 12 போரின் எட்டமோ சில பத்து மீட்டர்களில் முடிந்துவிடுகிறது. இவற்றின் தலையில் நெடுந்தொலைவு ஸ்கோப்பை ஏற்றுவது மாட்டுவண்டிக்கு விமானத்தின் வேகமானியைப் பொருத்துவது போன்றது.

அதிக உருப்பெருக்கம் பயன்படாமல் போவதோடு நின்றாலும் பரவாயில்லை. அது தீங்கும் செய்கிறது. மூன்று மடங்கில் 100 மீட்டர் தொலைவில் ஏறக்குறைய 11 மீட்டர் அகலம் கண்ணாடிக்குள் அடங்கும். இருபத்துநான்கு மடங்கில் அது ஒன்றரை மீட்டர் அளவுக்குச் சுருங்குகிறது. அதே கண்ணாடியோடு கரும்புத்தோட்ட வரப்பில் 20 மீட்டரில் வெளிப்படும் பன்றியைப் பார்த்தால் 30 சென்டிமீட்டர் அகலமுள்ள கரிய மயிர் மட்டுமே தெரியும்; அது தோளா தொடையா என்று அறிய வழியில்லை. பன்றியின் பின்னால் குட்டிகள் நிற்கின்றனவா, அப்பால் காவல் பரணில் ஆள் உறங்குகிறாரா என்பது வட்டத்துக்கு வெளியே போய்விடுகிறது. இது கருணையைப் பற்றிய வாதம் மட்டுமன்று, மனித உயிரைப் பற்றியதும்கூட.

ஒளியின் கதையும் இதுவே. பொருளருகு லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 50 மில்லிமீட்டர் லென்ஸில் இருபத்துநான்கு மடங்குக்கு அது 2 மில்லிமீட்டர்தான். 40 மில்லிமீட்டர் லென்ஸில் மூன்று மடங்குக்கு 13. இளையவரின் கண்மணி இருளில் 7 மில்லிமீட்டர் வரை விரியும். பன்றி வயலுக்கு வருவது அந்தியிலும் இரவிலும். விரிந்து காத்திருக்கும் கண்ணுக்கு ஊசித்துளை அளவு ஒளியை ஊட்டுவது நெடுந்தொலைவுக் கண்ணாடி. போதாக்குறைக்கு, அது கையின் நடுக்கத்தையும் அதே மடங்கு பெருக்கிக் காட்டும். குறுக்கிழை இலக்கைக் கடக்கும் கணத்தில் அவசரமாக விசையைப் பிடுங்கும் பழக்கம் அங்கேதான் பிறக்கிறது.

அப்படியானால் தொலைவு மாறிக்கொண்டே இருக்கும் இடத்துக்கு எது ஏற்றது? விடை வியப்பூட்டாதது, விற்பனைக்கும் உதவாதது. ஒன்று முதல் ஆறு மடங்கு வரையோ, மூன்று முதல் ஒன்பது மடங்கு வரையோ மாறும் சிறிய கண்ணாடி. அதை எப்போதும் கீழ்மடங்கிலேயே வைத்து நடக்க வேண்டும். தொலைவிலுள்ள விலங்குக்கு மடங்கைக் கூட்ட நேரம் கிடைக்கும், அருகில் திடீரென எழும் விலங்குக்குக் குறைக்க நேரம் கிடைக்காது. குறுக்கிழையிலுள்ள அளவுக்கோடுகள் எல்லா மடங்கிலும் ஒரே அளவைக் காட்டுகின்றனவா, ஒரு மடங்கில் மட்டும் சரியா என்பதை வாங்குமுன் அறிந்திருக்க வேண்டும். இதை அறியாமல் நடுமடங்கில் கோட்டை எண்ணிச் சுடுபவர் தவறான தொலைவுக்கே சுடுகிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, சுடுபவரின் எல்லையைத் தாளில் கண்டறிய வேண்டும். மேசையில் மணல்மூட்டை வைத்து அன்று. வயலில் எப்படி மண்டியிடுவாரோ அப்படி மண்டியிட்டு, தட்டளவு வட்டத்தில் ஐந்துக்கு ஐந்தும் எந்தத் தொலைவுவரை விழுகின்றனவோ அதுவே அவருடைய தொலைவு. அது 80 மீட்டர் என்றால் 80தான்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அது அற்பமானதும் அன்று. மோகாமாவின் தால் நிலம் போன்ற மரமற்ற சமவெளியில் நீலான் யாரையும் 80 மீட்டருக்குள் நெருங்க விடாது. இருநூறு கிலோவைத் தாண்டும் அந்த விலங்கு ஒரே இரவில் பருப்புப் பயிரை மிதித்தே அழிக்கும். தொலைவை ஏற்காவிட்டால் உழவர் என்ன செய்வார் என்பது அது. உழவரின் இழப்பு மெய். நகரத்திலிருந்து கருணை போதிப்பவர் எவரும் அந்த இழப்பில் பங்கேற்பதில்லை என்பதும் மெய். ஆனால் தேவையின் பெருமை திறனின் எல்லையை நீட்டுவதில்லை. நெருங்க முடியவில்லை என்பது மறைவிடம் அமைப்பதற்கும், காத்திருப்பதற்கும், திறமையானவரை அழைப்பதற்கும், வேலிக்கும் இழப்பீட்டுக்கும் காரணம் ஆகும். குடலில் குண்டைச் சுமந்துகொண்டு அடுத்த ஊர் எல்லைக்குள் ஓடும் விலங்குக்குக் காரணம் ஆகாது.

யானைமீது எறிந்து தவறிய வேலைப் போற்றும் குறளை எடுத்துக்காட்டிப் பெரிய குறி பெருமை என்பவர்களும் இருக்கிறார்கள். அது படைச்செருக்கு அதிகாரத்தில் உள்ளது; போர்க்களத்து வீரரின் ஊக்கத்தைப் பேசுவது. பயிர்க்காவலுக்கான நெறிமுறை அன்று. வேல் தவறினால் யானை தப்பும். குண்டு பாதி தவறினால் எதுவும் தப்புவதில்லை.

பாதி தவறிய குண்டின் விலையை இந்திய மண் முன்பே செலுத்தியிருக்கிறது. 1907இல் குமாவூனில் ஜிம் கார்பெட் சுட்டு வீழ்த்திய சம்பாவத் புலியின் வலப்பக்கக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயம் அது. அதனால்தான் தன் இயல்பான இரையை இழந்து மனிதரைத் தேடியது என்று கார்பெட் எழுதினார். கவனமின்றிச் சுடப்பட்டுத் தொடர்ந்து தேடப்படாமல் விடப்பட்ட காயமே பல புலிகளை ஆட்கொல்லிகளாக்கியது என்பது அவருடைய 1944ஆம் ஆண்டு நூலின் தொடக்கத்திலேயே வரும் கூற்று. காயம்பட்ட பன்றி புலி அன்றுதான். ஆனால் விடியலில் தண்ணீர் பாய்ச்சப் போகும் பெண்ணுக்கு அந்த வேறுபாடு பெரிய ஆறுதல் தராது.

இனி ஆய்வாளர்களின் பங்குக்கு வரவேண்டும். 'அகற்றப்பட்டன', 'கட்டுப்படுத்தப்பட்டன', 'எண்ணிக்கை மேலாண்மை செய்யப்பட்டது' என்று எழுவாயை ஒளித்த செயப்பாட்டு வினைகளால் அறிக்கைகள் நிறைகின்றன. அந்த வினைகள் உடல்களை எண்ணுகின்றன. உடலாகக் கிடைக்காதவற்றை எண்ணுவதில்லை. எத்தனை குண்டுகள், எந்தத் தொலைவில், எத்தனை விலங்குகள் அடிபட்டும் கிடைக்கவில்லை என்ற மூன்று கட்டங்களும் இல்லாத அட்டவணையை வைத்துக்கொண்டு 'மனிதநேயமுள்ள' என்ற அடையை எழுதுவது ஆய்வு ஆகாது. சட்டம் இந்த இடத்தில் அறிஞர்களைவிட நேர்மையாகப் பேசுகிறது. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறையில் வேட்டை என்ற சொல் கொல்வதை மட்டும் குறிப்பதில்லை; காயப்படுத்துவதையும், அதற்கான முயற்சியையும் சேர்த்தே குறிக்கிறது. சட்டத்தின் அகராதியில் உள்ள காயம், ஆய்வேட்டின் அகராதியில் மட்டும் ஏன் காணாமல் போகிறது?

கேட்க வேண்டியவை எளியவை. சுடும் ஆணை ஒவ்வொன்றிலும் மீறக் கூடாத தொலைவு எழுதப்பட வேண்டும். சுடுபவர் அந்தத் தொலைவில் தேர்வு எழுதியிருக்க வேண்டும். அடிபட்ட விலங்கைத் தேடிச் சென்று முடிக்கும் பொறுப்பும், கிடைக்காவிட்டால் அதைப் பதியும் கடமையும் ஆணையிலேயே இடம்பெற வேண்டும். எந்த ஸ்கோப் என்ற கேள்வி இவற்றுக்குப் பிறகு வரட்டும். அப்போது அதற்கு விடை காண்பதும் எளிது. தொலைவைக் கண்ணாடி தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிடுபவர், கொலையின் பொறுப்பையும் கண்ணாடியிடமே விட்டுவிடுகிறார். கண்ணாடிக்குப் பொறுப்பேற்கத் தெரியாது.