ஊசி வரட்டும், வார்டன் கையெழுத்து வேண்டாம்

2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில், 14 வயதுச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. வரவேற்கிறோம். ஆனால் நம் தோழர்கள் சிலரே "நம்ம பிள்ளைங்கள வெச்சு சோதனை பண்றாங்க, போட விடாதீங்க" என்கிறார்கள். கேட்டால் கம்மத்தைக் காட்டுகிறார்கள்.

கம்மத்தை நாங்களும் மறக்கவில்லை. 2009இல் பாத் என்ற அமெரிக்க நிறுவனம், ஐ.சி.எம்.ஆர். துணையோடு அன்றைய ஆந்திராவின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு இந்த ஊசியைப் போட்டது. கம்மத்தில் பலர் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள். இரண்டு இடங்களிலும் சேர்த்து ஏழு சிறுமிகள் இறந்தார்கள். 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்தச் சாவுகளுக்கு ஊசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றது விசாரணைக் குழு. ஆனால் ஆந்திராவின் 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763இல் கையெழுத்துப் போட்டது விடுதி வார்டனும் தலைமையாசிரியரும். அம்மாவைக் கேட்கவில்லை, அப்பாவைக் கேட்கவில்லை. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது இதைத்தான்.

அங்கே நடந்த அநியாயம் அந்தக் கையெழுத்து. அதற்காக ஊசியையே மறுத்தால் நட்டம் யாருக்கு? செர்வாவாக் 2023இல் சந்தைக்கு வந்தபோது தனியாரிடம் இரண்டு டோஸ் கொண்ட ஒரு குப்பி 2,000 ரூபாய். காசுள்ள வீட்டுப் பெண் மருத்துவரிடம் நாலு கேள்வி கேட்டுவிட்டுப் போட்டுக்கொள்வாள். கருப்பைவாய்ப் புற்றுநோய் முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்கு வருவது நம் தெருப் பெண்கள்.

இன்னொன்றையும் பேச வேண்டும். இது உடலுறவில் பரவும் கிருமி. மிகச் சாதாரணமாகப் பரவுவது, கல்யாணமாகிக் கணவனோடு மட்டும் வாழ்பவளுக்கும் வரும். உறவு தொடங்கும் முன் போட்டால்தான் ஊசிக்கு முழுப் பலன், அதனால்தான் இந்த வயது. இதைச் சொல்லக் கூசி "கேன்சர் ஊசி" என்று மட்டும் சொல்லிப் போட்டுவிட்டுப் போனால், நாளை விஷயம் தெரியும்போது "சேரிப் பொண்ணுங்களுக்கு மட்டும் ஏன்?" என்று ஊர் சிரிக்கும். எல்லாச் சாதிப் பிள்ளைக்கும்தான் போடுகிறார்கள் என்பதை ஊர்த்தெருவிலும் சேர்த்தே சொல்லுங்கள்.

வேங்கிக்காலில் இருக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கு நாங்கள் எடுத்துப் போகும் மனுவில் மூன்று வரிதான். ஆதிதிராவிடர் நல விடுதியானாலும் ஜவ்வாது மலை உண்டு உறைவிடப் பள்ளியானாலும் வார்டன் கையெழுத்து செல்லாது. படிவம் தமிழில் இருக்க வேண்டும், படிக்கத் தெரியாதவர்களுக்குச் செவிலியர் வாசித்துக் காட்ட வேண்டும். கூட்டத்தைச் சாயங்காலம் வையுங்கள், பகலில் எங்கள் அம்மாக்கள் நூறு நாள் வேலையில் இருப்பார்கள்.