பந்தி வஞ்சனை

நற்கருணையை விருந்தென்று சொல்லாத மறையுரை நம் ஆலயங்களில் அரிது. ஆண்டவரின் பந்தி என்று பாடுகிறோம். மன்றாட்டுகளிலும் அவ்வாறே சொல்கிறோம். ஆயினும், பந்தி என்னும் அந்த எளிய சொல் திருவிவிலியத்தில் சுமந்து நிற்கும் பொருளோடு நம் செவியில் விழுகிறதா? விழவில்லை என்பதே எம் வாதம். விழுந்திருந்தால், "சாதி என்பது ஊர் வழக்கம், அதைப் பீடத்தருகே இழுத்து வராதீர்கள்" என்று நம்மவர் பலர் இத்தனை அமைதியாகச் சொல்லிக்கொண்டிருக்க இயலாது.

பந்தி என்றால் வரிசை. 'பங்க்தி' என்னும் வடசொல்லின் வழி வந்தது. இலை போடும் முன்பே யாருக்கு அருகில் யார் அமரலாம், யார் அமரலாகாது என்று தீர்த்துவைத்த மண்ணின் சொல் அது. ஒரே வரிசையில் ஓர் இலைக்கு நெய்யும் மற்றோர் இலைக்கு வெறுஞ்சோறும் இடுவதைப் 'பந்தி வஞ்சனை' என்று நம் முன்னோர் பழித்தனர். ஆனால் அந்த வரிசைக்கே வர விடாமல் வெளியே நிறுத்தப்பட்டவனுக்குச் செய்ததை வஞ்சனை என்று அவர்கள் எண்ணியதாகத் தெரியவில்லை. மேசை என்னும் சொல்லோ போர்த்துக்கீசியரோடு கப்பலேறி வந்தது. அதற்கு நம்மிடையே இத்தகைய வடுக்கள் இல்லை. இயேசுவின் காலத்தவர் விருந்துகளில் சாய்ந்து படுத்தவாறு உண்டனர். அதனைத் தமிழாக்கியோர் 'பந்தியமர்தல்' என்று எழுதினர். வடுப்பட்ட சொல்லையே எடுத்தது நன்று. ஏனெனில் அங்கும் வழக்கு இதுவேதான்: யார் யாரோடு உண்பது?

பழைய ஏற்பாட்டில் இரு மேசைகள் எதிரெதிரே நிற்கின்றன. நீதித்தலைவர்கள் நூலின் முதல் அதிகாரத்தில் அதோனிபெசேக்கு என்னும் அரசன், கைகால் பெருவிரல்கள் வெட்டப்பட்ட எழுபது அரசர்களைத் தன் மேசையின் கீழே விழுவதைப் பொறுக்க வைத்திருந்தான். சாமுவேலின் இரண்டாம் நூல் ஒன்பதாம் அதிகாரத்திலோ, இரு கால்களும் முடமான மெபிபொசேத்து, பகை வீட்டின் பேரன், தாவீதின் மேசையில் அரச புதல்வரைப்போல் நாள்தோறும் உண்கிறான். முன்னது வெற்றியின் மேசை. பின்னது உடன்படிக்கையின் மேசை, யோனத்தானுக்குத் தாவீது கொடுத்த வாக்கின் மேசை. விவிலியத்தின் பந்திகளை இவ்விரண்டில் எதனோடு சேர்ப்பது என்று கேட்டுக்கொண்டே வாசித்தால் பல பகுதிகள் வெளிச்சமாகும். எல்லா மக்களினங்களுக்குமாக மலைமேல் ஆண்டவர் அளிக்கும் விருந்தை எசாயா காண்பது இவ்வழியில்தான்.

நற்செய்தியில் இயேசு போதித்தது குறித்து எழுந்த சினத்துக்குச் சற்றும் குறையாமல், அவர் யாரோடு உண்டார் என்பது குறித்தும் சினம் எழுந்தது. லூக்கா பதினைந்தாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். காணாமற்போன ஆடும், காசும், மகனும் வானத்திலிருந்து விழுந்த கதைகள் அல்ல. பாவிகளோடு இவர் உண்கிறாரே என்ற முணுமுணுப்புக்கு விடையாகச் சொல்லப்பட்டவை. தவக்காலந்தோறும் நம் போதகர்கள் இளைய மகனின் கண்ணீரில் திளைக்கின்றனர். கதையோ மூத்தவனிடம் போய் நிற்கிறது. அவன் செய்த குற்றம் யாது? உழைத்தான், கட்டளை மீறவில்லை, சொத்தை அழிக்கவில்லை. தம்பி இருக்கும் பந்திக்கு உள்ளே வர மறுத்தான், அவ்வளவே. அவன் பின்னர் வந்தானா என்பதை லூக்கா எழுதவில்லை.

அந்தியோக்கியாவில் நிகழ்ந்ததைத்தான் நாம் நின்று நோக்க வேண்டும். கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பவுல் அதை உரைக்கிறார். பேதுரு பிற இனத்தவரோடு சேர்ந்து உண்டுவந்தார். யாக்கோபிடமிருந்து சிலர் வந்தனர். வந்தவர்களுக்கு அஞ்சி அவர் மெல்ல விலகினார். பிற யூதரும் விலகினர். பர்னபாவும் கூட அவர்களோடு இழுபட்டுப் போனார். பவுல், எல்லார் முன்னிலையிலும், முகத்துக்கு நேரே பேதுருவைக் கண்டித்தார். கவனியுங்கள்: பேதுரு எந்த விசுவாசக் கோட்பாட்டையும் மறுதலிக்கவில்லை. யோப்பாவில் கண்ட காட்சியையோ, கொர்னேலியு வீட்டில் தாம் பேசியதையோ திரும்பப் பெறவில்லை. இருக்கையை மாற்றிக்கொண்டார், அதுவே நடந்தது. ஆனால் பவுல் அதனை ஒழுங்குப் பிழை என்றோ, ஊர்ச் சிக்கல் என்றோ, காலப்போக்கில் சரியாகும் என்றோ சொல்லவில்லை. நற்செய்தியின் உண்மைக்கு ஒவ்வாத நடை என்றார்.

இந்நிகழ்ச்சியின் கூர்மை பழங்காலத்தாருக்கே உறுத்தியது. இருவரும் முன்பே பேசிவைத்து நடித்ததாக விளக்கம் எழுதினார் புனித எரோணிமுஸ். புனித அகுஸ்தினார் அதை ஏற்காமல், கண்டனம் மெய்யே, பேதுருவின் பிழையும் மெய்யே என்று கடிதங்கள் வழியே வாதாடினார். நாம் அகுஸ்தினார் பக்கம். முதல் திருத்தந்தையின் மதிப்பைக் காக்க நற்செய்தியின் உண்மையை நாடகமாக்க வேண்டியதில்லை.

நம்மவர் சொல்லும் மறுப்பொன்று உண்டு. "எல்லாரும் ஒரே அப்பத்தைத்தானே உண்கிறோம்? வெளியே நடப்பது வேறு" என்பார்கள். கொரிந்தியரும் ஒரே அப்பத்தைத்தான் பிட்டனர். அக்காலச் செல்வர் இல்லங்களின் விருந்தறையில் ஏறக்குறைய ஒன்பது பேர் சாய்ந்துண்ண இடமிருந்தது. எஞ்சியோர் முற்றத்தில்தான் அமர்ந்திருக்க வேண்டும் என்று அறிஞர் கருதுகின்றனர். உள்ளே ஒருவர் குடிவெறியில். வெளியே ஒருவர் பசியில். அப்பத்தில் வேறுபாடு இல்லை; பந்தியில் இருந்தது. நீங்கள் உண்பது ஆண்டவரின் விருந்தே அல்ல என்று பவுல் எழுதிவிட்டார். ஆண்டவரின் உடல் என உணராமல் உண்போர் தம்மீது தண்டனைத் தீர்ப்பை வருவித்துக்கொள்வர் என்னும் கடுஞ்சொல், முதற்கண் இந்தப் பந்தி வஞ்சனையை நோக்கி எழுதப்பட்டது. அதை நாம் தனிமனிதத் தூய்மையைச் சோதிக்கும் வாசகமாகக் குறுக்கி, நற்கருணைக்கு முன் உண்ணாநோன்பை மணிக்கணக்கில் எண்ணிக்கொண்டிருந்தோம். கணக்கு சரியாக இருந்தது.

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டப்பட்ட ஆலயத்தைக் 'கால்சட்டைக் கோயில்' என்றனர். பீடம் ஒன்று, அதிலிருந்து பிரிந்துசெல்லும் கூடங்கள் இரண்டு, ஒரு சாதியார் மற்றொரு சாதியாரைக் காணாமலே ஒரே திருப்பலியைக் காணலாம். "ஒரே அப்பம்தானே" என்ற வாதத்தைச் செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டினால் இப்படித்தான் இருக்கும். 1910இல் கௌசானல் அடிகளார் காலத்தில் தடுப்பு இடிக்கப்பட்டது. இடித்தது தவறென்று விசுவாசிகள் தொடுத்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று தோற்றது. வழக்காடியவர்கள் கடவுள் மறுப்பாளர்கள் அல்லர். நாள் தவறாது செபமாலை சொன்னவர்களாகவே இருந்திருப்பர்.

இன்று அத்தகைய தடுப்புகள் ஆலயத்துள் இல்லை என்று மகிழ்வோர் உளர். மெய்தான், பெருமாற்றம்தான். ஆனால் சில ஊர்களில் சுவர் கல்லறைத் தோட்டத்துக்கு இடம்பெயர்ந்திருக்கிறது. தேர் எந்தத் தெருவில் திரும்பும், எந்தத் தெருவின் முனையோடு நிற்கும் என்பதிலும் இருக்கிறது. திருவிழா வரியை யாரிடம் வாங்குவது, யாரிடம் வாங்காமலிருப்பது என்னும் பட்டியலிலும் இருக்கிறது. வரி கேட்காமலிருப்பது சலுகை அன்று, உரிமை மறுப்பு. 2003இல் தமிழக ஆயர்களிடம் பேசிய திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சாதிப் பாகுபாட்டை வெளிப்படையாகக் கண்டித்தார். 2016இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கென்று கொள்கை ஆவணமே வெளியிட்டது. ஏடுகளுக்குக் குறைவில்லை. அவை அன்பியக் கூட்டங்களில் வாசிக்கப்பட்டனவா என்று கேட்டால், விடை சொல்ல நம் பங்குப் பேரவைகளில் எத்தனை முன்வரும்?

கிரேக்கத்தில் மேசைக்கு 'திராபெசா' என்பர். கோவிலில் நாணயம் மாற்றுவோரின் மேசைகளை ஆண்டவர் கவிழ்த்தபோது மாற்கு எழுதிய சொல்லும் அதுவே. ஆண்டவரின் மேசை என்று பவுல் எழுதிய சொல்லும் அதுவே. எந்த மேசையும் மேசை என்பதாலேயே தூய்மையாகிவிடாது.

தென்மாவட்டப் பங்குகளில் திருவிழா நாளில் அசனம் வைப்பது நல்ல மரபு. அந்த நாளுக்காகப் பங்குப் பேரவையினரிடம் நாம் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமில்லை. அரிசி அளந்து கொடுத்தது யார் என்பது குறிப்பேட்டில் இருக்கும். அடுப்பருகே நின்று பொங்கியது எந்தத் தெருப் பெண்கள்? வாளி ஏந்திப் பரிமாறியது யார்? எச்சில் இலை எடுத்தது யார்? முதற்பந்தியில் அமர்ந்தவர்கள் யார், சோறு பாத்திரத்தில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் யார்? இவற்றையும் அதே குறிப்பேட்டில், அதே மையால், பெயர் பெயராக எழுதுங்கள். எழுதியதை அடுத்த ஞாயிறு திருப்பலியில், அறிவிப்புகளோடு சேர்த்து வாசியுங்கள்.