காணி உறுதியும் ஒளிவருடியும்

புலம்பெயர்ந்து வாழும் நண்பர்கள் பலர் விடுமுறைக்கு ஊர் வருவதற்கு முன்னர் தவறாமல் கேட்கின்ற கேள்வி ஒன்றுண்டு. "வீட்டிலுள்ள பழைய கடதாசிகளைக் கணினியில் ஏற்றிவைக்க எந்த ஸ்கானரை வாங்கலாம்?" என்பதே அது. இதே கேள்வியைக் கடைக்காரரிடம் கேட்டால் அவர் 4800, 9600 என்று புள்ளிக் கணக்குச் சொல்வார். நான் சொல்வது வேறு. முதலில் அம்மாவின் பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே இருப்பது தனித் தாள்களா, தைத்த கொப்பிகளா, புகைப்படங்களா என்பதைப் பொறுத்தே நீங்கள் வாங்க வேண்டிய ஒளிவருடி எதுவென்பது முடிவாகும்.

இதனை ஒரு பொழுதுபோக்காக எண்ணுவோர் மட்டக்களப்பு வாவிக்கரையின் வரலாற்றைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். எழுவான்கரை என்பது கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணல்நிலம். 1978 நவம்பர் 23 ஆம் திகதி இரவு வீசிய சூறாவளி கூரைகளோடு அலுமாரிகளையும் கொண்டுபோயிற்று. 1990 இல் உடுத்த உடையோடு இடம்பெயர்ந்தவர்கள் பலர். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை நாவலடியையும் கல்லடிக் கரையையும் துடைத்துச் சென்றது. 2011 ஜனவரி வெள்ளத்தில் படுவான்கரைக் கிராமங்கள் நீரில் நின்றன. இவை எதுவும் நிகழாத ஆண்டுகளிலும் உப்புக்காற்றும், மாரிகால ஈரமும், கறையானும் தத்தம் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன.

காணி உறுதி தொலைந்தால் காணியே போய்விட்டது என்று நம்மவர்கள் கலங்குவதுண்டு. உண்மை அதுவன்று. நொத்தாரிசு தாம் அத்தாட்சிப்படுத்தும் உறுதியின் இரட்டைப் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது இலங்கைச் சட்டம். அங்கிருந்து உறுதிப்படுத்திய பிரதி பெறலாம். ஆனால் அதற்கு உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர், பதிவேட்டு விபரம் ஆகியவை தெரிந்திருக்க வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன தந்தையார் எழுதுவித்த உறுதியின் இலக்கத்தை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? ஒளிவருடிய படம் மூல உறுதிக்கு ஈடாகாது. எனினும் அந்த மூலத்தின் பிரதியைத் தேடிச் செல்வதற்கு வேண்டிய விபரம் முழுவதும் அப்படத்தில் இருக்கும். ஏதிலியாய் நிற்கும் ஒரு குடும்பத்துக்கு அது சிறிய உதவியன்று.

"கொமியூனிகேஷன் கடையில் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் எடுத்துத் தருவார்களே" என்று கேட்கலாம். பாடசாலைச் சான்றிதழுக்கு அது போதும். உறுதி, அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் முதலியவற்றின் படங்கள் முன்பின் அறியாத ஒரு கணினியில் தங்கிவிடுவதை நான் விரும்பவில்லை. கைத்தொலைபேசிச் செயலிகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும். உலகெங்கும் கோடிக்கணக்கானோர் பயன்படுத்திய காம்ஸ்கானர் செயலியின் ஆண்ட்ராய்டு பதிப்பில் தீங்குநிரல் கலந்திருந்ததை 2019 ஆகஸ்டில் காஸ்பர்ஸ்கி ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஆகவே இத்தகைய ஆவணங்களுக்கு வீட்டிலேயே ஓர் ஒளிவருடி இருப்பது நல்லது என்பது என் கருத்து.

இனி இயந்திரத்துக்கு வருவோம். வீட்டு ஒளிவருடிகளில் இரு வகையான உணரிகள் உண்டு. சீஐஎஸ் வகை மெல்லியது, மலிவானது, கனன் லைடு வரிசை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரண்டு கிலோவுக்கும் குறைந்த எடை. மடிக்கணினியின் யூஎஸ்பி வழியாகவே மின்சாரம் பெறுவதால் மின்வெட்டு வேளையிலும் இயங்கும். இதன் குறை, கண்ணாடியோடு ஒட்டிக் கிடக்கும் தாளை மட்டுமே தெளிவாகப் பார்ப்பது. தாள் சிறிது எழும்பினாலும் எழுத்து மங்கிவிடும். சீசீடி வகை பருமனானது, விலையும் கூடியது, தனி மின்னிணைப்பும் வேண்டும். ஆனால் கண்ணாடியிலிருந்து சில மில்லிமீற்றர் விலகியிருப்பதையும் அது தெளிவாக எடுக்கும். எப்சன் பெர்ஃபெக்ஷன் வி600 இவ்வகையைச் சேர்ந்தது. படச்சுருளின் நெகட்டிவ்களையும் எடுக்க வல்லது.

எனவே உறுதிகளும் சான்றிதழ்களும் மட்டுமே உள்ள வீட்டுக்கு மலிவான சீஐஎஸ் தாராளமாகப் போதும். அண்ணாவிமார் பரம்பரையாகக் காத்துவரும் வடமோடி, தென்மோடிக் கூத்துக் கொப்பிகள் போன்ற தைத்த ஏடுகள் உள்ள வீட்டுக்குச் சீசீடி வேண்டும். தையல் தெறிக்கும் நிலையிலுள்ள கொப்பியைக் கண்ணாடியில் கவிழ்த்து அழுத்துவது பெரும் பிழை. அதற்கும், பனையோலைச் சுவடிக்கும், முழுப் பத்திரிகைப் பக்கத்துக்கும் ஒளிவருடியே வேண்டாம். நல்ல கமெராவும் ஒரு தாங்கியும் பகல் வெளிச்சமும் போதும். பத்திரிகைத் தொழிலில் ஆயுளைக் கழித்தவன் என்ற முறையில் என்னிடமும் நறுக்குகள் குவிந்து கிடக்கின்றன. ஏ4 கண்ணாடிக்குள் அடங்குபவற்றை வருடுகிறேன். அடங்காதவற்றைப் படம் பிடிக்கிறேன்.

தாள்களைத் தானாக உள்ளிழுக்கும் இயந்திரத்தில் பழைய கடதாசியை ஒருபோதும் இடாதீர்கள். அச்சு, பிரதி, வருடல் மூன்றும் செய்யும் பல்பணி இயந்திரங்களிலும் எனக்கு ஈடுபாடில்லை. அவற்றுட் சில, மை தீர்ந்துவிட்டால் வருடவும் மறுக்கின்றன. இதன் தொடர்பில் 2021 இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின்மீது வழக்கே தொடுக்கப்பட்டது.

புள்ளிக் கணக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எழுத்துள்ள தாளுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் போதும். சிறிய புகைப்படத்துக்கு 600. நெகட்டிவுக்கு மட்டுமே 2400 உம் அதற்கு மேலும். ஓர் ஏ4 தாளை 300 புள்ளியில் வண்ணத்தில் எடுத்தால், சுருக்காத நிலையில் ஏறத்தாழ 26 மெகாபைட். அதே தாளைக் கடைக்காரர் சொல்லும் 4800 புள்ளியில் எடுத்தால் 6 கிகாபைட்டையும் தாண்டும். பயன் ஒன்றுமில்லை. ஆனால் எதையும் வண்ணத்திலேயே எடுங்கள். வெறும் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் முத்திரையின் நீல மையும் மங்கிய கையொப்பமும் மறைந்துபோகும்.

மென்பொருளைப் பற்றி எவரும் கேட்பதில்லை. என் எண்ணத்தில் அதுவே பெரிய விடயம். ஒளிவருடி பதினைந்து ஆண்டுகள் உழைக்கும். அதனோடு வரும் மென்பொருளோ விண்டோஸ் மாறும்போது கைவிட்டுவிடும். நல்ல இயந்திரங்கள் பல இவ்வாறே குப்பைக்குப் போகின்றன. வியூஸ்கான் என்ற மென்பொருள் விலைக்கு உரியதெனினும், தயாரித்தவர்களே மறந்துவிட்ட ஆயிரக்கணக்கான மாதிரிகளை இயக்குகிறது. பழைய ஒளிவருடி வைத்திருப்போர் புதியது வாங்குமுன் இதன் இலவச முன்னோட்டப் பதிப்பைச் சோதித்துப் பார்க்கலாம். நாப்ஸ்2 இலவசமானது, எளிமையானது. கொப்பிப் பக்கங்களைப் பிரித்து நிமிர்த்த ஸ்கான் டெய்லர் உண்டு, அதுவும் இலவசம்.

மென்பொருள் தேர்விலே ஓர் ஆபத்தும் இருக்கிறது. 2013 ஆகஸ்டில் டேவிட் கிறீசல் என்ற ஜெர்மன் கணினி அறிஞர், செரொக்ஸ் நிறுவனத்தின் சில இயந்திரங்கள் வருடும்போதே இலக்கங்களை மாற்றிவிடுகின்றன என்று எடுத்துக்காட்டினார். ஒரு வீட்டுத் திட்டப் படத்தில் வெவ்வேறு பரப்பளவுள்ள மூன்று அறைகளுக்கும் 14.13 என்றே பதிவாகியிருந்தது. வேறிடத்தில் 6 என்பது 8 ஆகியிருந்தது. கோப்பைச் சிறிதாக்குவதற்காக, ஒத்த தோற்றமுள்ள எழுத்துகளை ஒன்றுக்கொன்று மாற்றிவைக்கும் ஜேபிக்2 என்ற சுருக்கும் முறையே இதற்குக் காரணம். எழுத்து மங்கியிருந்தால் நாம் ஐயுறுவோம். தெளிவாகத் தெரியும் பொய் இலக்கத்தை யார் ஐயுறுவார்? உறுதியிலே 36 பேர்ச் என்பது 38 ஆனால் அயலவரோடு வழக்காட வேண்டிவரும். ஆதலால் "மிகச் சிறிய கோப்பு" என்ற தெரிவை விலக்குங்கள். உறுதிகளையும் புகைப்படங்களையும் டிஃப் வடிவில் வைத்துக்கொண்டு, அனுப்புவதற்கு மட்டும் பீடிஎஃப் செய்யுங்கள். வருடியபின் இலக்கங்களை மூலத்தோடு ஒருமுறை ஒப்புநோக்குங்கள்.

படத்தை எழுத்தாக மாற்றும் வசதி தமிழுக்கும் வந்துவிட்டது. டெசராக்ட் இலவசமாகவே அதனைச் செய்கிறது. ஆயினும் 1978 இல் தமிழ்நாட்டரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய ணை, லை, றா வடிவங்களில் அச்சான நமது நூல்களில் அது தடுமாறும். கையெழுத்துக் கொப்பியில் அதனை நம்புவதற்கில்லை. எழுத்தாக்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். படம் இன்று எடுக்கப்பட வேண்டும்.

எடுத்ததைப் பெயரிடாமல் விட்டால் எடுத்தும் பயனில்லை. ஆண்டு, ஊர், ஆவணம், உறுதி இலக்கம் என்று கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். ஒரு பிரதி வீட்டுக் கணினியில்; ஒன்று வெளி வன்தட்டில், ஆனால் அதே வீட்டில் வேண்டாம், வாவிக்கு அப்பாலுள்ள உறவினர் வீட்டில்; இன்னொன்று ரொறன்ரோவிலோ லண்டனிலோ உள்ள பிள்ளையிடம். இறுவட்டுகளை நமது ஈரக்காற்றில் நம்பாதீர்கள். மூலங்களை எறியவும் வேண்டாம். லமினேட் செய்யவும் வேண்டாம்.

குடும்பத்துக்கு மட்டும் உரியவை ஒருபுறம் இருக்க, பழைய மலர்கள், சஞ்சிகைகள், ஊர் நூல்கள் கிடைத்தால் 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் திட்டத்துக்கு வழங்கலாம். ஈழத்து நூல்கள் பல்லாயிரம் அங்கே இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. பெருநூலகம் ஒன்று 1981 இல் எரிந்ததைக் கண்ட சமூகம் நாம்.

வடகீழ்ப் பருவமழை ஆண்டுதோறும் வந்துகொண்டுதான் இருக்கும். இம்முறை ஊருக்கு வருபவர்கள் பெட்டியில் இனிப்புகளோடு சிறிய ஒளிவருடி ஒன்றையும் கொண்டுவாருங்கள். இரண்டு மாலைப் பொழுதுகளில் வேலை முடிந்துவிடும். பக்கத்து வீட்டாரின் உறுதியையும் அவர்கள் முன்னிலையிலேயே எடுத்து, கோப்பை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.