எத்தனை நடை?

சென்ற பிசான நெற்பருவத்தில், தாமிரபரணியின் பாளையங்கால்வாய்ப் பாசனத்தில் உள்ள ஒரு வயலில், மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் ட்ரோன் கொண்டு நெற்பயிருக்கு மருந்து அடிப்பதை வரப்பின் மீது நின்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஏக்கரை ஏழெட்டு நிமிஷங்களில் முடித்துவிட்டு அந்த யந்திரம் வந்து இறங்கிய லாகவத்தைக் கண்டு சுற்றி நின்றவர்கள் அனைவரும் வியந்தார்கள், எனக்கும் வியப்புத்தான். ஆயினும், “ஒரு நாளைக்கு இது எவ்வளவு அடிக்கும், தாயி?” என்று கேட்டபோது அவர் சொன்ன பதிலே இன்றளவும் என் மனத்தில் நிற்கிறது. “காலையிலே பத்து நடை போனா பெரிசு அண்ணாச்சி. பேட்டரி சார்ஜ் ஏறணும்லா” என்றார்.

நடை என்ற சொல்லை அந்த இடத்தில் கேட்டதில் எனக்கு அளவற்ற சந்தோஷம். களத்திலிருந்து நெல்லையும் காளவாசலிலிருந்து செங்கல்லையும் ஏற்றிவந்த காலத்தில், எங்கள் ஊர் வண்டிக்காரர்கள் வாடகை பேசுமுன் முதலில் தீர்மானித்துக்கொள்வது ஒரு நாளைக்கு எத்தனை நடை என்பதைத்தான். மாட்டின் பலத்தை மட்டும் பார்த்து எவரும் வாடகை பேசியதில்லை; வழியின் தூரம், அதில் உள்ள ஏற்றம், பாரம் ஏற்றி இறக்கும் நேரம், மாடு தண்ணீர் குடித்து இளைப்பாறும் நேரம், பொழுது சாயும் நேரம் ஆகிய அனைத்தையும் மனத்தில் கூட்டிக் கழித்த பிறகே ஒரு எண்ணைச் சொல்வார்கள், அந்த எண்ணும் பெரும்பாலும் பொய்க்காது. ஆளில்லா விமானங்களைப் பற்றி இன்று நம் நாட்டில் நடக்கும் பேச்சில் எத்தனை உயரம், எத்தனை தூரம், எத்தனை கிலோ பாரம் என்ற விவரங்களுக்குக் குறைவே இல்லை; ஆனால் வண்டிக்காரர் முதலில் கேட்ட கேள்வி மட்டும் அதில் அகப்படுவதில்லை என்பதே என் விசாரம்.

மத்திய அமைச்சரவை 2023 நவம்பரில் ஒப்புதல் அளித்த ‘நமோ ட்ரோன் தீதி’ திட்டம் 1,261 கோடி ரூபாய் மதிப்புடையது. 15,000 மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் வழங்குவது அதன் நோக்கம். விலையில் 80 சதவீதம், 8 லட்சம் ரூபாய் வரையில், மானியமாகக் கிடைக்கிறது. ட்ரோனோடு கூடுதலாக நான்கு ஜோடி பேட்டரிகளும் ஒரு சார்ஜரும் தருகிறார்கள். இவற்றைக் கொண்டு ஒரு நாளில் 20 ஏக்கர் அடிக்கலாம் என்பது திட்டத்தின் உத்தேசம். இந்த இருபதை நம் வயலில் வைத்துப் பரிசோதித்துப் பார்ப்போம். பத்து லிட்டர் தொட்டி ஒரு ஏக்கருக்குப் போதும். ஆகவே இருபது ஏக்கர் என்றால் இருபது நடை. பறப்பதற்கு எட்டு நிமிஷம், இறங்கிப் பேட்டரி மாற்றி மருந்து நிரப்ப ஏழு நிமிஷம், ஆக நடைக்குக் கால் மணி என்று கொள்வோம். வெயிலும் காற்றும் மருந்தை வீணாக்கும் நடுப்பகலை விட்டுவிட்டால், காலையில் மூன்றரை மணியும் மாலையில் ஒன்றரை மணியும் மிஞ்சும். மணிக்கு நான்கு நடை வீதம் காலையில் பதினான்கும் மாலையில் ஆறுமாக, கணக்கு அழகாக இருபதில் வந்து முடிகிறது.

ஆனால் பேட்டரி அப்படி நினைப்பதில்லை. பறந்து இறங்கிய பேட்டரி கைபொறுக்காத சூட்டோடு இருக்கும். அது ஆறுவதற்குக் கால் மணியும், பிறகு சார்ஜ் ஏறுவதற்கு அரை மணியும், அதுவும் ஒரு சமயத்தில் ஒரு ஜோடி மட்டுமே, என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஜோடி கையில் இருப்பதால் முதல் ஏழு நடை தடையின்றிப் போகும். எட்டாவது நடைக்கு ட்ரோன் தயாராக நிற்கும், மருந்து தயாராக இருக்கும், பேட்டரி மட்டும் தயாராக இராது. அதிலிருந்து அரை மணிக்கு ஒரு நடைதான். மூன்றரை மணி முடியும்போது எண்ணிப் பார்த்தால் பதினொன்று. நடுப்பகலில் எல்லாப் பேட்டரிகளும் நிரம்பிவிடுவதால் மாலையின் ஆறு நடைக்குப் பழுதில்லை, மொத்தம் பதினேழு. வயல் விட்டு வயல் மாறும் நேரத்தையும், மின்கம்பங்களும் தென்னைகளும் ஓரம் கட்டி நிற்கும் நம் துண்டு நிலங்களின் இயல்பையும், சார்ஜருக்கு மின்சாரம் தேடி அலைவதையும் இன்னும் இதில் கழிக்கவில்லை. அந்தப் பெண்மணி காலை நடையைப் பத்து என்று சொன்னது எவ்வளவு துல்லியமான மதிப்பீடு என்பது அப்போதுதான் எனக்குப் புலனாயிற்று. இதில் விமானத்தைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. நடையைத் தடுத்தது சார்ஜர். இன்னொரு சார்ஜர் வாங்கிக்கொடுத்தால் காலையில் இழந்த மூன்று நடையில் பெரும்பகுதி திரும்பிவிடும். இன்னொரு ட்ரோன் வாங்கும் பணத்தில் மிகச் சிறிய பங்கே அதற்குச் செலவாகும்.

பருவத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கார் நெல் நிற்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள மாதங்களில்தான் ஆரல்வாய்மொழிக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் தென்மேற்குக் காற்றை நம் மீது திறந்துவிடுகின்றன. முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று, வயலில் தெளிக்கும் மருந்தைப் பக்கத்து வயலுக்குக் கொண்டுபோகும். பிசானம் தொடங்கும் மாதங்களிலோ வடகிழக்குப் பருவமழை. ஆகவே சராசரி நாள் ஒன்றைக் கற்பித்துக்கொண்டு அதனை 365-ஆல் பெருக்குகிற முறை தாமிரபரணிப் பிரதேசத்துக்குப் பொருந்தாது.

பெரிய விமானங்களின் நிலையும் வேறன்று. அரக்கோணத்தில் உள்ள ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து, குத்தகைக்கு எடுத்த சீகார்டியன் ஆளில்லா விமானங்கள் இரண்டு 2020 நவம்பர் முதல் இந்தியப் பெருங்கடலைக் கண்காணிக்கத் தொடங்கின. இறங்காமல் 30 மணி நேரத்துக்கு மேல் பறக்கும் சக்தி வாய்ந்தவை என்று பெயர் பெற்றவை. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் அவை இரண்டுமாகப் பறந்தது 10,000 மணி நேரம். இரண்டு ஆண்டுகளில் இரண்டு விமானங்களுக்கும் உள்ள மொத்த நேரம் 35,040 மணி. அதில் 10,000 என்பது நூற்றுக்குச் சுமார் இருபத்தெட்டரை, அதாவது நாளொன்றுக்கு ஒவ்வொன்றும் ஏழு மணிக்குச் சற்றுக் குறைவு. இது மிக நல்ல உழைப்பு என்றே நான் மதிக்கிறேன். பராமரிப்பு, பழுது, வானிலை, ஆட்களின் ஓய்வு ஆகியவை மிச்ச நேரத்தை எடுத்துக்கொள்வது இயற்கை. ஒரே இடத்தின் மீது ஓயாத காவலுக்கு நான்கு விமானங்கள் தேவை என்று அமெரிக்க விமானப்படை நெடுங்காலம் கணக்கு வைத்திருந்ததும் இந்தக் காரணத்தாலேயே. 2024 செப்டம்பரில் நம் இரண்டில் ஒன்று வங்கக் கடலில் விழுந்தது; ஒரு விமானத்தின் இழப்பு நடையில் சரிபாதியின் இழப்பாயிற்று.

தாமிரபரணிப் பிரதேசத்து மக்களாகிய நமக்கு இந்தக் கணக்கு உயிர் போகும் விஷயமாக ஒரு நாள் வந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டரும் திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டரும் மழை கொட்டி, தாமிரபரணி கரை கடந்து, செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனபோது, அதில் சுமார் 800 பிரயாணிகள் இருந்தார்கள். சுமார் 300 பேரைப் பள்ளி ஒன்றில் தங்கவைத்த பிறகு, ஏறத்தாழ 500 பேர் ரயிலிலும் நிலையத்திலும் சிக்கினார்கள். ஹெலிகாப்டர்கள் உணவுப் பொட்டலங்களைப் போட்டன. இனி அடுத்த வெள்ளத்துக்கு ட்ரோன் இருக்கிறதே என்று சில நண்பர்கள் தைரியமாகச் சொல்லும்போது, நான் அவர்களோடு அமர்ந்து கணக்குப் போடுகிறேன். ஆளுக்கு அரைக் கிலோ உணவும் ஒரு லிட்டர் தண்ணீரும் என்றால் 500 பேருக்கு 750 கிலோ. நடைக்குப் பத்துக் கிலோ தூக்கும் யந்திரத்துக்கு அது 75 நடை. போகும் தூரம் அற்பம் என்றே வைத்துக்கொண்டாலும், நாளுக்குப் பதினேழு நடை போகும் ஒரு ட்ரோனுக்கு ஒரு வேளைச் சோற்றைச் சுமந்து முடிக்க நான்கு நாளும் போதாது. ஊரெங்கும் மின்சாரம் அறுந்த நாளில் பேட்டரிக்கு எங்கே போவது? அந்த மழையிலும் காற்றிலும் சிறிய ட்ரோன் முதல் நாள் போகக்கூடிய நடை பூஜ்யம் என்றே நான் எழுதுவேன்.

ஒரே நடையில் முடிகிற காரியங்களுக்கு இந்த யந்திரம் வரப்பிரசாதம் என்பதை நான் மறுக்கவில்லை. 2021 அக்டோபரில் மணிப்பூரின் பிஷ்ணுபூரிலிருந்து லோக்தக் ஏரியில் உள்ள கராங் தீவுக்கு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஏற்பாட்டில், தடுப்பூசி 15 கிலோமீட்டர் வான்வழியாகக் கால் மணிக்குள் போய்ச் சேர்ந்தது. தரைவழியும் நீர்வழியுமாகப் போனால் அது 26 கிலோமீட்டர். காரையாறு நீர்த்தேக்கத்தைப் படகில் கடந்து வரவேண்டியிருக்கும் இஞ்சிக்குழிக் காணிப் பழங்குடி மக்களுக்குப் பாம்புக்கடி மருந்து அவ்வாறு போகுமானால், பாளையங்கோட்டையில் உள்ள நம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு அதைவிடப் பெருமை வேறில்லை. அங்கே வேண்டியது நாளுக்கு ஒரு நடை. ஆனால் அந்த ஒரு நடை நள்ளிரவிலும் அடைமழையிலும் போகுமா என்ற கேள்விக்கு விடை கண்ட பிறகே அதை நம்பி ஓர் உயிரை வைக்கலாம்.

ஆதலால் அரசாங்கத்திடம் நான் கேட்பது சிறிய காரியம்தான். பொதுப் பணத்தில் வாங்கும் ஒவ்வொரு ட்ரோனுக்கும் ஒரு பதிவேடு வேண்டும். அதில் தேதியும், போன நடையும், நின்ற நடைக்குக் காரணமும் இருக்கவேண்டும். கார், பிசானம் ஆகிய பருவங்கள் முடிந்தவுடன் அதை வட்டார வேளாண்மை அலுவலகத்தில் எவரும் பார்க்க வைக்கவேண்டும். புதிதாக வாங்க டெண்டர் விடும்போது, கம்பெனியார் சொல்லும் எண்ணை மட்டும் வாங்கிக்கொள்ளாமல், இந்தப் பதிவேட்டின் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

நான் சந்தித்த பெண்மணி அப்படி ஒன்றை யாரும் சொல்லாமலே வைத்திருந்தார். பள்ளிக்கூடத்து நாற்பது பக்க நோட்டு ஒன்றில் நடைக்கு ஒரு கோடாக இழுத்து, கோடு குறைந்த நாட்களுக்கு எதிரே ‘காற்று’, ‘கரண்ட் இல்லை’, ‘இறக்கை ஒடிஞ்சது’, ‘மழை’ என்று பென்சிலால் எழுதியிருந்தார். அதை யாராவது கேட்டு வாங்கிப் பார்த்தார்களா என்று விசாரித்தேன். நான்தான் முதல் ஆள் என்றார்.