கையைக் கட்டிப்போட்டுவிட்டு அறிவியல் படி என்றால் எப்படி?

சூலக்கரையிலும் சுற்றுப்பட்டியிலும் பிள்ளை வளர்க்கிற அப்பா அம்மாமாரே, நமக்குள்ளேயே பேசிக்கொள்வோம். பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி என்று ஒரு சீட்டு வந்ததும் நாம் அடிக்கிற கூத்தை வெளியில் சொன்னால் வெட்கக்கேடு. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எரிமலை செய்ய அப்பா தெர்மாகோல் அறுக்கிறார், அம்மா பெயின்ட் அடிக்கிறார். அதற்கும் நேரமில்லாதவர்கள் ஃபேன்ஸி ஸ்டோரில் செய்துவைத்ததை வாங்கி வந்துவிடுகிறார்கள். பிள்ளை? "கிட்ட வராத, ஒடைச்சிருவ" என்ற அதட்டலோடு ஓரமாக உட்கார்ந்திருக்கிறது. மறுநாள் மனப்பாடம் செய்த நாலு வரியை ஒப்பித்துவிட்டு ஒரு சான்றிதழோடு வீடு திரும்புகிறது. அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கிறோம். சான்றிதழில் நம் பெயர் போட்டிருந்தால் அதுவாவது நியாயமாக இருந்திருக்கும்.

அதே பிள்ளை சாதாரண நாளில் குழாயடியில் டம்ளரைக் கவிழ்த்து அமுக்கிப் பார்த்தால் முதுகில் ஒன்று வைக்கிறோம். "தண்ணிய வீணாக்காத, சட்டைய நனைக்காத." தண்ணீர்ப் பஞ்சம் பார்த்த ஊர், கோபம் நியாயம்தான். ஆனால் கவிழ்த்த டம்ளருக்குள் தண்ணீர் ஏன் ஏறவில்லை, சாய்த்ததும் குமிழி ஏன் வருகிறது என்று அந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்ததே, அதுதான் அறிவியல். காற்றும் இடத்தை அடைக்கும் என்பதைப் புத்தகத்தில் படிப்பதற்குள் கையால் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது. வாளித் தண்ணீரைப் பிறகு செடிக்கு ஊற்றினால் போயிற்று.

இந்த "தொடாதே" நமக்கு எங்கிருந்து வந்தது? என் கணக்கு இது. இந்தப் பக்கத்தில் நம் அம்மாமாரும் அத்தைமாரும் சின்ன வயதில் விடியுமுன் வந்து நிற்கிற வண்டியில் ஏறித் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவர்கள். குச்சி அடுக்கி, பெட்டி ஒட்டி, பசையும் மருந்தும் படிந்த விரல்கள் அவர்களுடையவை. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசிப் பிள்ளைகளுக்காகவே எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த முதலாளி, பிள்ளை ஒன்றுக்கு 20,000 ரூபாய் நலநிதியில் கட்ட வேண்டும் என்றது. பாடுபட்டுத்தான் அந்தக் கைகளை வேலையிலிருந்து மீட்டோம். மீட்ட வேகத்தில் ஒரு தப்புக் கணக்கும் போட்டுவிட்டோம்: கை என்றால் கூலி, படிப்பு என்றால் பேனா. என் பிள்ளை கையில் அழுக்கே படக்கூடாது என்கிறோம். கூலிக்கு உழைத்த கையும் தானாக நோண்டிப் பார்க்கிற கையும் ஒன்றா?

இத்தனைக்கும் இது கையால் கற்ற ஊர். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கிட்ட நின்று பழகிக்கொண்டு திரும்பியதில்தான் சிவகாசியின் கதை தொடங்குகிறது. இன்றைக்கும் பயர் ஆபீசுக்கு, அதாவது பட்டாசு ஆலைக்கு, வேலைக்குப் போகிற அக்காவிடம் கேளுங்கள். நைலான் சேலை கட்டிக்கொண்டு மருந்து அறைக்குள் போகமாட்டார், பருத்திதான். வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் காலை உள்ளே வைப்பார். உள்ளே இரும்புச் சாமான் புழங்கக்கூடாது. ஏன் என்று கேட்டால், "கரண்டு பிடிச்சுக்கும், பொறி தட்டிரும்" என்பார். அது நிலைமின்சாரப் பாடம். உயிரைப் பணயம் வைத்துப் படித்த பாடம். அந்த அக்காவின் மகள் நிலைமின்சாரத்தை வரையறுத்து எழுதி இரண்டு மார்க் வாங்குகிறாள். அம்மாவுக்குத் தெரிந்ததும் மகள் படிப்பதும் ஒரே விஷயம் என்று அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை.

சொல்லுங்கள். அதற்குப் பிளாஸ்டிக் சீப்பு ஒன்று போதும். எண்ணெய் இல்லாத தலையில் நன்றாகச் சீவிவிட்டுத் துண்டு துண்டாகக் கிழித்த காகிதத்தின் மேல் பிடித்தால் துள்ளி வந்து ஒட்டும். பங்குனி வெயிலில் பிரமாதமாக ஒட்டும். ஐப்பசி அடைமழையில் செய்தால் சண்டித்தனம் செய்யும். பிள்ளை "இன்னிக்கு ஏன் வரல?" என்று கேட்கும். காற்றில் ஈரம் இருந்தால் சேர்ந்த மின்சாரம் தங்காமல் கசிந்துவிடும். மழை குறைந்த இந்த வறண்ட காற்றை நம்பித்தான் தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே வேர்பிடித்தன. சீப்பு காகிதத்தை இழுப்பதும், அம்மா நைலான் கட்டாததும், தொழில் இந்த மண்ணுக்கு வந்ததும் ஒரே முடிச்சு. இதைச் சொல்ல எந்த ஆன்லைன் வகுப்புக்கும் பணம் கட்ட வேண்டாம்.

அடுப்படியை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சீருடையில் சாம்பார் கொட்டினால் அடிக்கிறோம். அடுத்த தடவை சோப்பைப் பிள்ளை கையில் கொடுங்கள். மஞ்சள் கறை சோப்புப் பட்டதும் சிவக்கும், எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும். ஆரத்தித் தண்ணீர் சிவப்பதும் இப்படித்தான், அங்கே மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்கிறது. சின்னப் பிள்ளைகளுக்குச் சுண்ணாம்பு வேண்டாம், கண்ணில் பட்டால் ஆபத்து. மஞ்சள் கரைத்துத் தடவி உலர்த்திய தாளில் சோப்புத் தண்ணீரால் படம் வரையச் சொன்னால் போதும். பிறகு அதுவே தயிர், சாம்பல் தண்ணீர், சமையல் சோடா என்று ஒவ்வொன்றாகத் தேடி வந்து சொட்டுவிட்டுப் பார்க்கும். தேடட்டும்.

நாம் விருதுநகர்க்காரர்கள், பருப்பு விலை பேசுகிற ஊர். துவரம்பருப்பையும் முழுத் துவரையையும் பக்கத்துப் பக்கத்தில் ஈரத்துணியில் போட்டுவைக்கச் சொல்லுங்கள். முழுசு முளைவிடும். பருப்பு ஊறி, நாறித்தான் போகும். இரண்டும் ஒரே செடியில் காய்த்ததுதானே, இதற்கு மட்டும் என்ன கேடு? விடையை உடனே கொட்டிவிடாதீர்கள். முளைத்த துவரையை நகத்தால் பிளந்து, இரண்டு பருப்புக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கிற குட்டி முளைக்கருவைப் பிள்ளையே பார்க்கட்டும். மில்லில் தோலை நீக்கி உடைக்கும்போது கெடுவது அதுதான். முளைப்பயிறு மிஞ்சினால் சுண்டல்.

கடைகளில் ஆயிரம் ஆயிரத்தைந்நூறுக்கு விற்கிற 'சயின்ஸ் கிட்' வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்த அரவிந்த் குப்தா 1978-இல் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் பக்கத்துக் கிராமப் பள்ளிகளில் நடந்த அறிவியல் கல்வித் திட்டத்தில் போய்ச் சேர்ந்தார். அங்கே அவர் கண்டுபிடித்த விளையாட்டுக்குத் தேவைப்பட்டவை தீக்குச்சியும் சைக்கிள் வால்டியூப்பும்தான். டியூப்பைத் துண்டுபோட்டு அதற்குள் குச்சிகளைச் செருகி இணைத்தால் முக்கோணம், சதுரம், கூம்பகம், கூண்டு எல்லாம் வரும். சதுரத்தை அமுக்கினால் சாய்கிறது, முக்கோணம் அசையாமல் நிற்கிறது. செல்போன் டவரிலும் பாலத்திலும் ஏன் குறுக்குக் கம்பி போடுகிறார்கள் என்று ஏழு வயதுப் பிள்ளைக்கு அப்போது விளங்கிவிடும். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். யாரோ வடக்கே தீக்குச்சியை வைத்து அறிவியல் சொல்லிக்கொடுத்திருக்கிறார். தீக்குச்சிக்கே பேர்போன சீமையில் இருந்துகொண்டு நாம் பெட்டிக்குப் பணம் கொடுக்கிறோம்! மருந்து முக்காத வெறும் குச்சி சாத்தூர், சிவகாசிப் பக்கம் கேட்டால் கிடைக்காதா என்ன?

வெறும் குச்சி என்று அழுத்திச் சொல்கிறேன், காரணம் இருக்கிறது. தீபாவளி முடிந்த காலையில் வெடிக்காத வெடிகளைப் பொறுக்கிப் பிரித்து, மருந்தைக் காகிதத்தில் கொட்டிக் கொளுத்துகிற பிள்ளைகளைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். பக்கத்தில் நிற்கிற பெரியவர் சிரித்துக்கொண்டிருப்பார், "பய விஞ்ஞானிதான்" என்று. விஞ்ஞானமும் இல்லை ஒன்றும் இல்லை. முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தை மறந்துவிட்டோமா? அனுபவப்பட்ட கைகளையே மருந்து விட்டுவைப்பதில்லை. பட்டாசு மருந்து, தீக்குச்சி மருந்து, கருந்திரி எதுவும் பிள்ளைகளின் சோதனைக்கு வரக்கூடாது. இதில் பேரமே கிடையாது. நாம் செய்கிற கோணலைப் பாருங்கள்: மாவையும் தண்ணீரையும் தொட விடமாட்டோம், இதைச் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவோம்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. 2022 நவம்பர் 28-இல் திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றம், அரசுப் பள்ளிகளுக்குச் சோதனைப் பொருட்களோடு ஆளை அனுப்புகிறது. ஆனால் அது ஆறாம் வகுப்பிலிருந்து எட்டு வரைக்கும்தான். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' 1987-இலிருந்து வருகிறது, படிக்கத் தெரிந்த பிள்ளைக்குச் சந்தா கட்டலாம். மூன்று வயதிலிருந்து ஒன்பது வரைக்கும் உள்ள பிள்ளைக்கு வீடுதான் கூடம், நாம்தான் ஆள். தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து வருகிறவருக்கு ஏது நேரம் என்பீர்கள். ராத்திரி மாவு கரைத்ததும் ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் ஊற்றி, மட்டத்தில் ரப்பர் பேண்ட் போடச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இன்னொரு டம்ளரை ஃப்ரிட்ஜில் வைக்கட்டும். காலையில் எது எவ்வளவு ஏறியிருக்கிறது என்று விரலால் அளக்கட்டும். பதில் தெரியாவிட்டால் "எனக்கும் தெரியல, பாப்போம்" என்று சொல்லிப் பழகுங்கள். அப்பனுக்குத் தெரியாதது பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால் குடி முழுகாது.

நிழலில்லா நாள் என்று ஒன்று உண்டு. வெப்ப மண்டலத்தில் இருக்கிற நமக்கு ஆண்டுக்கு இரண்டு முறை நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நம் ஊருக்கு அது ஏப்ரல் 14 வாக்கிலும் ஆகஸ்ட் 28 வாக்கிலும் விழுகிறது. முதலாவது அநேகமாகச் சித்திரை ஒன்று, வருஷப்பிறப்பு. அன்றைக்கு எல்லாரும் வீட்டில்தான் இருப்போம். உச்சிப்பொழுது சரியாகப் பன்னிரண்டுக்கு வராது, 12 மணி 18 நிமிடம் வாக்கில்தான் வரும். இந்திய நேரம் 82½ பாகை தீர்க்கரேகைக்கு வைத்த நேரம். நாம் அதற்கு மேற்கே ஏறத்தாழ 78-இல் இருக்கிறோம், பாகைக்கு நாலு நிமிடம் பிந்தும். சென்னையில் இருக்கிற சித்தி பிள்ளைகளுக்கு இதே காட்சி ஏறத்தாழ பத்து நாள் கழித்துத்தான் கிடைக்கும். போன் போட்டுக் கேட்டால் பூமி உருண்டை, அதுவும் சாய்ந்த உருண்டை என்பது பேச்சிலேயே வந்துவிடும்.

வருகிற வருஷப்பிறப்புக்குப் பாயசத்தைச் சீக்கிரம் இறக்கிவிட்டுப் பதினொன்றரைக்கே பிள்ளைகளை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போங்கள். செருப்புப் போட்டுக்கொள்ளட்டும், சூரியனை நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்று ஒரு தடவை கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். ஒரு குழாய்த் துண்டைச் செங்குத்தாக நிறுத்தி, கால் மணிக்கு ஒரு தடவை நிழலின் நுனியில் கோடு போட வேண்டும். சாக்பீஸ் பிள்ளை கையில் இருக்கட்டும். கோடு கோணலாகப் போனால் பிடுங்கி நேராக்காதீர்கள்.