விஷவாயு தாக்குவதில்லை

ஒரு சின்னக் கேள்வி. பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம். மேஜை, கட்டில் எதுவும் இல்லை. சுத்தமாகக் காலி. அந்த அறைக்குள் எத்தனை கிலோ இருக்கிறது?

"காலி அறையில் என்ன கிலோ?" என்றுதான் பலரும் கேட்பார்கள். உண்மையில் உள்ளே சுமார் 33 கிலோ காற்று இருக்கிறது. ஒரு 25 கிலோ அரிசி மூட்டையை விட அதிகம்!

காற்றுக்கு எடை உண்டு என்பது பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். எந்த வாயு கனம், எந்த வாயு லேசு என்பதும் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அது இரண்டு மார்க் கேள்வி. பரீட்சை ஹாலிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். பத்தாவதுக்குப் பிறகு காமர்ஸ் எடுத்தவர்களைக் கேட்கவே வேண்டாம்.

கணக்கு ரொம்ப சுலபம். ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தம் என்றால், சம அளவு இடத்தில் எந்த வாயுவாக இருந்தாலும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமம். அவகாட்ரோ 1811-ல் சொன்னது இது. ஆகவே மூலக்கூறு எடையைப் பார்த்தாலே எது கனம் என்று தெரிந்துவிடும். காற்றின் சராசரி 29. அந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

ஹைட்ரஜன் - 2
ஹீலியம் - 4
மீத்தேன் - 16
கார்பன் மோனாக்சைடு - 28
ஹைட்ரஜன் சல்ஃபைடு - 34
கார்பன் டை ஆக்சைடு - 44
புரொப்பேன் - 44
பியூட்டேன் - 58

ஹீலியம் பலூன் ஏன் பறக்கிறது என்பதற்கு இதிலேயே பதில் இருக்கிறது. ஆனால் விஷயம் பலூனோடு முடிவதில்லை.

சமையலறை சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. கசிந்தால் மேலே போகாது, தரையில் தண்ணீர் மாதிரி பரவும். உயரத்தில் இருக்கும் ஜன்னலை மட்டும் திறந்தால் போதாது, கதவையும் திறக்க வேண்டும். எந்த சுவிட்சையும் தொடக் கூடாது. குழாய் மூலம் வரும் எரிவாயு பெரும்பாலும் மீத்தேன். அது கசிந்தால் கூரைப் பக்கம் போகும். பெயர் இரண்டுக்கும் 'கேஸ்' தான், நடத்தை நேர் எதிர்!

காற்றோட்டம் இருந்தால் எல்லா வாயுவும் கலந்து கலைந்துவிடும். இல்லாத இடத்தில்தான் எடை தன் வேலையைக் காட்டும். 1986 ஆகஸ்ட் 21 இரவு, கேமரூன் நாட்டில் நியோஸ் என்ற ஏரியின் அடியில் கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடு திடீரென்று பொங்கி வெளியே வந்தது. காற்றை விட கனம் என்பதால் பள்ளத்தாக்கு வழியாகக் கீழே இறங்கி, கிராமங்களை மூடியது. சுமார் 1,700 பேர் மூச்சு முட்டி இறந்தார்கள்.

அங்கே ஏரி. இங்கே செப்டிக் டேங்க்.

"விஷவாயு தாக்கி தொழிலாளர்கள் பலி" என்று செய்தித்தாளில் எத்தனை முறை வந்துவிட்டது! ஒருவர் மயங்கி விழுகிறார், காப்பாற்ற இறங்கிய அடுத்தவரும் விழுகிறார். ஹைட்ரஜன் சல்ஃபைடு 34, காற்றை விடக் கொஞ்சம்தான் கனம். ஆனால் மூடிக் கிடக்கும் தொட்டியில் காற்றோட்டமே கிடையாது. கழிவைக் கிளறினால் இன்னும் வெளிவரும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கே மரத்துவிடும். நாற்றம் போய்விட்டதே என்று நினைக்கும் நேரம்தான் அதிக ஆபத்து.

பழைய கிணற்றில் தூர் வாரும் முன் விளக்கை இறக்கிப் பார்க்கும் வழக்கம் கிராமங்களில் உண்டு. விளக்கு அணைந்தால் ஆள் இறங்கக் கூடாது. செப்டிக் டேங்கில் இது கூடாது, மீத்தேன் இருந்தால் வெடிக்கும். ஆனால் ஆளை இறக்குவதற்கு முன் காற்றைச் சோதிக்க வேண்டும் என்ற புத்தி அன்றே இருந்திருக்கிறது. இன்று அதற்கு மீட்டர் இருக்கிறது, கழிவை உறிஞ்சி எடுக்க லாரி இருக்கிறது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது.

இவ்வளவு இருந்தும் "தாக்கி" என்றே எழுதுகிறார்கள். அந்த வார்த்தையில்தான் கோளாறு. புலி தாக்கலாம், பாம்பு தாக்கலாம். வாயு யாரையும் தாக்குவதில்லை. அது தன் எடைக்குத் தகுந்த இடத்தில் சும்மா கிடக்கிறது. எங்கே கிடக்கும் என்று பள்ளிப் புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. அதற்குள் ஒரு மனிதனை இறக்குவது இன்னொரு மனிதன்தான்.

தொழிலாளிக்கு 34-ம் 29-ம் தெரியாமல் இருக்கலாம். அது அவர் குற்றமில்லை. வேலைக்குக் கூப்பிட்டவர் "எதிர்பாராத விபத்து" என்று சொல்வதை மட்டும் இனியும் ஏற்றுக்கொள்ளக் கூடாது. இருநூறு வருடமாகத் தெரிந்த கணக்கில் எதிர்பாராதது என்ன இருக்கிறது?